உருப்படாத பொருள்களிலிருந்து தொடங்கும் வடிவமைப்பு வகுப்பு

பதின்மூன்று முதல் பதினாறு வயது வரையுள்ள மாணவர்களிடம் "புதிதாக ஒரு பொருளை வடிவமைத்து வாருங்கள்" என்று சொல்லிவிட்டு ஒரு வாரம் பொறுத்துப் பார்த்தால், வந்து சேர்பவை பெரும்பாலும் ஒரே சாயலில் இருக்கும். சூரிய ஒளியில் இயங்கும் ஏதோ ஒன்று, தானாகவே குப்பையைப் பிரிக்கும் தொட்டி, கைபேசியோடு இணைந்த தண்ணீர்ப் புட்டி, எல்லா வேலையையும் செய்துமுடிக்கும் ரோபோ. படம் நேர்த்தியாக இருக்கும். அம்புக்குறி போட்டு ஒவ்வொரு பாகத்துக்கும் பெயர் எழுதியிருப்பார்கள். ஆனால் இந்தப் பொருளை முதன்முதலில் கையில் எடுப்பவர் விரலை எங்கே வைப்பார் என்று கேட்டால் பதில் வராது. மாணவர்களிடம் கற்பனை இல்லை என்று இதற்குப் பொருள் இல்லை. மதிப்பெண் போடப்போகிறவருக்கு எது பிடிக்கும் என்பதை அவர்கள் சரியாகக் கணித்திருக்கிறார்கள், அவ்வளவுதான்.

இந்தக் கணிப்பிலிருந்து அவர்களை வெளியே கொண்டுவருவதற்குத்தான் என் வகுப்பில் விளையாட்டு வருகிறது. பாடத்தின் அலுப்பைப் போக்கும் இடைவேளையாக நான் அதைக் கருதுவதில்லை. ஐந்து வயதுக் குழந்தை அட்டைப்பெட்டியைக் கோணலாக ஒட்டிவிட்டு "இது கப்பல்" என்று தயங்காமல் சொல்லும். பதினான்கு வயதில் அதே கோணலைச் செய்தவர், பக்கத்து மேசைக்காரர் பார்ப்பதற்குள் அதைக் கசக்கிப் பைக்குள் திணித்துக்கொள்வார். அந்த வயதுக்குரிய இந்தக் கூச்சத்தை அறிவுரையால் போக்க முடியாது. "தவறு செய்ய அஞ்சாதீர்கள்" என்று சுவரில் எழுதி ஒட்டினாலும் அஞ்சத்தான் செய்வார்கள். தவறு என்ற ஒன்றே இருக்க முடியாத வேலையைக் கொடுத்தால் மட்டுமே கை தளர்கிறது.

அதனால் எங்கள் முதல் செயல்திட்டம், பயன்படாத பொருள் ஒன்றைச் செய்வது. கேட்டதும் வகுப்பே சிரிக்கும். விதிகளைச் சொல்லத் தொடங்கியதும் சிரிப்பு குறைந்து, யோசிக்கும் முகங்கள் தெரியும். பொருள் அன்றாடம் புழங்குவதாக இருக்க வேண்டும். பார்த்தவுடன் இன்னது என்று தெரிய வேண்டும். மூலப் பொருளிலிருந்து ஒரேயொரு அம்சத்தை மட்டும் மாற்ற வேண்டும். படமாக மட்டும் நிற்காமல் கையில் எடுக்கக்கூடிய பொருளாகச் செய்யப்பட வேண்டும். உடைந்து போனதாலோ பாதி செய்ததாலோ பயன்படாமல் இருந்தால் அது கணக்கில் சேராது. யோசித்து, திட்டமிட்டு, நேர்த்தியாக உருப்படாமல் ஆக்கியிருக்க வேண்டும்.

இதற்கு முன்னோடிகள் இல்லாமல் இல்லை. பிரெஞ்சு ஓவியர் ஜாக் கரல்மான் 1969இல் இத்தகைய இல்லாத பொருள்களை ஒரு கடைப் பட்டியலின் வடிவத்திலேயே தொகுத்து வெளியிட்டார். கைப்பிடியும் மூக்கும் ஒரே பக்கத்தில் அமைந்த அவருடைய காப்பிக் கெண்டியைச் சாய்த்தால் ஊற்றுபவர் கையே நனையும். ஜப்பானில் கென்ஜி கவகாமி தொடங்கிவைத்த சிந்தோகு என்னும் மரபில், அப்படிச் செய்யப்படும் கண்டுபிடிப்பு உண்மையிலேயே உருவாக்கப்பட்டிருக்க வேண்டும், ஆனால் அதை விற்கக்கூடாது, அதற்குக் காப்புரிமையும் பெறக்கூடாது என்று விதிகளே உண்டு. இவற்றையெல்லாம் நான் வேலை முடிந்த பிறகுதான் மாணவர்களுக்குக் காட்டுவேன். முன்பே காட்டினால் என்ன ஆகும் என்பதற்குப் பின்னால் வருகிறேன்.

"ஒரேயொரு அம்சம்" என்ற விதிதான் இந்தச் செயல்திட்டத்தின் உயிர். எதையும் மாற்றலாம் என்று விட்டால் மாணவர்கள் பொருளைச் சிதைப்பார்களே தவிர அதைப் பார்க்க மாட்டார்கள். ஒன்றைத்தான் மாற்றலாம் என்றால், எதை மாற்றினால் பொருள் முற்றாகச் செயலிழக்கும் என்று கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது. அதற்கு அந்தப் பொருள் எதனால் இயங்குகிறது என்று தெரிந்திருக்க வேண்டும். கத்தரிக்கோலின் திருகாணியை அரை அங்குலம் நகர்த்தலாமா, கைப்பிடி வளையத்தைச் சதுரமாக்கலாமா என்று இரண்டு பேர் வாதாடும்போது, நெம்புகோலைப் பற்றி அறிவியல் பாடத்தில் படித்தது முதன்முறையாக அவர்கள் கைக்கு வந்து சேர்கிறது.

ஒரு முறை இருவர் சேர்ந்து செய்த பென்சில் பெட்டியைச் சற்று விவரமாகச் சொல்ல வேண்டும். வெளியே பார்த்தால் சாதாரணமான நீளப் பெட்டி. இடக்கோடியில் ஒரு தாழ், வலக்கோடியில் ஒரு தாழ்; இரண்டும் ரப்பர் வளையத்தால் இழுக்கப்பட்டு, கையை எடுத்தவுடன் தாமாகவே மூடிக்கொள்ளும். இரண்டையும் ஒரே நேரத்தில் அழுத்திப் பிடித்தால்தான் மூடி விடுபடும். ஆனால் அப்போது மூடியைத் தூக்குவதற்கு மூன்றாவது கை வேண்டும். பெட்டி வகுப்பைச் சுற்றி வந்தது. ஒருவர் மோவாயால் முயன்றார், ஒருவர் பெட்டியைத் தலைகீழாகப் பிடித்து மூடியைத் தானே விழவைத்தார். அந்தத் தலைகீழ் உத்தி பலித்ததைப் பார்த்ததும் செய்தவர்கள் இருவரும் பெட்டியைப் பிடுங்கிக்கொண்டு போய், மூடியின் ஒரு பக்கத்தில் கீல் வைத்துத் திரும்பி வந்தார்கள். யாரும் சொல்லாமலே ஒரு சோதனை நடந்து, குறை கண்டறியப்பட்டு, இரண்டாவது முன்மாதிரி பிறந்திருந்தது.

அதற்குப் பிறகு நான் கேட்ட கேள்வி இதுதான்: வேண்டுமென்றே திறக்கக் கடினமாக ஒன்றைச் செய்வது எங்கேயாவது நல்ல வடிவமைப்பாக இருக்குமா? மருந்துப் புட்டியின் மூடி நினைவுக்கு வரச் சிறிது நேரம் பிடித்தது. அழுத்திக்கொண்டே திருப்பினால் மட்டும் திறக்கும் மூடியைக் கனடாவில் மருத்துவர் ஹென்றி ப்ரோ 1967இல் பரவலாக்கினார். குழந்தைகள் மருந்தை விழுங்கிவிடுவதைத் தடுப்பதற்காக அமெரிக்காவில் 1970இல் இத்தகைய மூடிகளைக் கட்டாயமாக்கும் சட்டம் வந்தது. இரண்டு அசைவுகளை ஒரே நேரத்தில் செய்வது சிறு குழந்தைக்குக் கடினம் என்பதே அதன் அடிப்படை. தொழிற்சாலைகளில் உலோகத் தகட்டை அழுத்தி வெட்டும் இயந்திரங்கள் சிலவற்றில், ஒன்றுக்கொன்று தள்ளியிருக்கும் இரண்டு பொத்தான்களை இரு கைகளாலும் சேர்த்து அழுத்தினால்தான் வேலை நடக்கும். இரு கைகளும் பொத்தான்களில் இருக்கும்போது எந்த விரலும் அச்சுக்கு நடுவில் இருக்க வழியில்லை. மாணவர்களின் உருப்படாத பென்சில் பெட்டியில் இருப்பதும் இதே விதிதான். இடம் மாறினால் குறை பாதுகாப்பாகிறது என்பதை நான் விரிவுரையாகச் சொல்லியிருந்தால் குறிப்பேட்டில் ஒரு வரியாகப் போயிருக்கும்.

விளையாட்டென்றால் கட்டற்றது என்று எண்ணுபவர்கள், குழந்தைகள் ஆடுவதைக் கவனித்ததில்லை என்றே தோன்றுகிறது. ஆட்டத்தில் பாதி நேரம் விதியைப் பற்றிய சண்டையிலேயே போகும். வடிவமைப்பு வகுப்பிலும் அப்படியே. பொருள்களும் கருவிகளும் நேரமும் குறுகக் குறுக யோசனை கூர்மையாகிறது. இருபதாம் நூற்றாண்டின் கலைக்கல்வியில் இதற்குப் புகழ்பெற்ற சான்று உண்டு. ஜெர்மனியின் பௌஹவுஸ் பள்ளியில் அடிப்படை வகுப்பை நடத்திய யோசப் ஆல்பர்ஸ், மாணவர்களிடம் செய்தித்தாள்களைக் கொடுத்து, முடிந்தவரை கத்தரியும் பசையும் இல்லாமல், தாளின் இயல்பை மதித்து எதையாவது செய்யச் சொல்லியிருக்கிறார். அவர் வெளியே போய்விட்டுத் திரும்பி வந்தபோது கோட்டைகளும் கப்பல்களும் முகமூடிகளும் காத்திருந்தன. அவற்றை வேறு எந்தப் பொருளிலும் செய்திருக்கலாமே என்று ஒதுக்கிவிட்டு, தாளை நெடுக்காக மடித்து மறைப்புத் தட்டிபோல நிற்க வைத்திருந்த ஒரு மாணவரின் வேலையைத்தான் அவர் பாராட்டினார். கிடக்கும்போது தொய்யும் தாள், ஒரு மடிப்பு விழுந்தவுடன் தன் விளிம்பிலேயே நிற்கிறது. பத்து நிமிடத்தில் எந்த வகுப்பிலும் செய்து பார்க்கலாம்.

எனக்கு விருப்பமான மூலப்பொருள் நெளி அட்டை. பெட்டிகளாக எங்கும் கிடைக்கிறது, கெட்டுப்போனால் யாரும் வருந்துவதில்லை, அதே சமயம் அதற்கென்று பிடிவாதமான குணங்கள் உண்டு. உள்ளே ஓடும் நெளிவுகளின் போக்கில் நிறுத்தினால் ஆளையே தாங்கும். குறுக்கே நிறுத்தினால் மடங்கி உட்கார்ந்துவிடும். மடிக்க வேண்டிய கோட்டில் மை தீர்ந்த பால்பாயிண்ட் பேனாவை ஸ்கேல் வைத்து அழுத்தி இழுத்தால் மேல்தாள் கிழியாமல் ஒரு தடம் விழும், பிறகு மடிப்பு கத்தியால் வெட்டியதைப் போல நேராக வரும். இரண்டு பலகைகளைப் பசையில்லாமல் கோத்து நிறுத்த, ஒவ்வொன்றிலும் பாதி உயரத்துக்கு வெட்டுத் தடம் எடுக்க வேண்டும். அந்தத் தடத்தின் அகலம் அட்டையின் தடிமனுக்குச் சமமாக இருக்க வேண்டும். சற்று அதிகமானால் ஆடும், சற்றுக் குறைந்தால் அட்டை நசுங்கும். ஒரு மில்லிமீட்டர் என்றால் என்ன என்பதை ஸ்கேலைப் பார்த்துத் தெரிந்துகொண்டவர்களுக்கும், ஆடும் ஸ்டூலில் உட்கார்ந்து தெரிந்துகொண்டவர்களுக்கும் வேறுபாடு இருக்கிறது.

முப்பரிமாண அச்சுப்பொறி வந்துவிட்ட பள்ளிகளில் அட்டைக்கு மதிப்புக் குறைந்திருக்கிறது. அந்த இயந்திரத்தின் மீது எனக்குப் பகை இல்லை. ஆனால் உள்ளங்கையளவு பொருளை அச்சிட ஒரு வகுப்பு நேரத்துக்கும் அதிகமாகிறது. முழு வகுப்பும் வரிசையில் நிற்கிறது. அச்சிட்டு வெளியே வந்ததை மாற்ற யாருக்கும் மனம் வருவதில்லை. அட்டையில் அதே நேரத்தில் மூன்று வடிவங்களைச் செய்து, இரண்டைத் தூக்கி எறிந்திருப்பார்கள். முடிவான வடிவம் கைக்கு வந்த பிறகு அச்சுப்பொறிக்குப் போவது சரி.

முன்னுதாரணங்களை முன்கூட்டிக் காட்டுவதில்லை என்று சொன்னேன். டேவிட் ஜான்சன், ஸ்டீவன் ஸ்மித் ஆகிய இரு ஆய்வாளர்கள் 1991இல் வெளியிட்ட ஆய்வு ஒன்றை வடிவமைப்பு கற்பிப்பவர்கள் அனைவரும் அறிந்திருப்பது நல்லது. வடிவமைப்புச் சிக்கல் ஒன்றைக் கொடுத்து, சிலருக்கு மட்டும் ஒரு மாதிரி வடிவத்தையும் சேர்த்துக் காட்டினார்கள். மாதிரியைப் பார்த்தவர்களின் வரைபடங்களில் அதன் அம்சங்கள் திரும்பத் திரும்பத் தலைகாட்டின, அதில் இருந்த குறைகள் உட்பட. சிந்தாத காப்பிக் கோப்பையை வடிவமைக்கச் சொன்னபோது, மாதிரியில் உறிஞ்சுகுழாய் இருந்தது. உறிஞ்சுகுழாய் கூடாது என்று பணிக்குறிப்பே வெளிப்படையாகத் தடுத்திருந்தும் அது பலருடைய வரைபடங்களில் வந்து சேர்ந்தது. இவர்கள் பொறியியல் கற்றவர்கள். பதினான்கு வயதினரிடம் ஓர் அழகான படத்தைத் திரையில் போட்டுவிட்டு "இது ஓர் எடுத்துக்காட்டு மட்டுமே" என்று சொல்வதால் எதுவும் ஆகப்போவதில்லை. அந்தக் காலாண்டு முழுவதும் அந்தப் படத்தின் பிள்ளைகள்தான் பிறக்கும்.

எடுத்துக்காட்டு இல்லையென்றால் வெற்றுத்தாளைப் பார்த்து மலைப்பார்களே என்று கேட்கலாம். அதற்குச் சீட்டாட்டம் ஒன்று போதும். பொருள்களின் பெயர் எழுதிய ஒரு கட்டு, இடங்களின் பெயர் எழுதிய ஒரு கட்டு, யார் பயன்படுத்துவார் என்று எழுதிய ஒரு கட்டு. ஒவ்வொன்றிலும் ஒன்றை உருவினால் "நாற்காலி, ஓடும் ரயில், இரட்டைக் குழந்தைகளின் தாய்" என்று வரும். தாளை எட்டாக மடித்து, எட்டுக் கட்டங்களிலும் எட்டு நிமிடத்தில் வரைய வேண்டும். நான்காவது கட்டம் வரை எல்லோருக்கும் தெரிந்தவையே வரும். ஆறாவதில்தான் அவர்களுடையது தொடங்கும். நேரம் குறைவு என்பதால் யாராலும் அழகாக வரைய முடியாது, எனவே வரையத் தெரியாதவர் என்று தனியாக ஒருவர் வகுப்பில் இருக்க மாட்டார்.

அடுத்த செயல்திட்டத்துக்கு மருந்து மூடியே வழி காட்டியது. குழந்தையைத் தடுக்கும் மூடி, மூட்டுவலி உள்ள முதியவரையும் தடுத்துவிடுகிறது. அமெரிக்காவில் இத்தகைய மூடிகளைச் சோதிக்கும் விதிமுறை 1995இல் திருத்தப்பட்டு, சிறு குழந்தைகளால் திறக்க முடியாமல் இருப்பதோடு 50 முதல் 70 வயது வரையுள்ளவர்களால் திறக்க முடிகிறதா என்பதும் பார்க்கப்பட வேண்டும் என்று ஆனது. ஆகவே தம் கையைப் போலில்லாத ஒரு கைக்கு வடிவமைக்கச் சொல்கிறேன். தடித்த கையுறைகளை அணிந்துகொண்டு, அல்லது இரண்டு விரல்களை டேப்பால் சேர்த்துக் கட்டிக்கொண்டு, பொத்தான் போடுவது, சாவி திருப்புவது, உறை பிரிப்பது என்று ஒரு மணி நேரம். சிரிப்பும் கூச்சலுமாகத்தான் தொடங்கும். உறையைப் பல்லால் கிழிக்க முயலும் கட்டத்தில், தினமும் இப்படிச் செய்ய வேண்டியவர்கள் இருக்கிறார்களே என்று யாராவது ஒருவர் தாமாகச் சொல்வார்.

அமெரிக்க வடிவமைப்பாளர் பட்ரீஷியா மூர் 1979 முதல் சில ஆண்டுகள் முதிய பெண்ணாக ஒப்பனை செய்துகொண்டு, பார்வையை மங்கச் செய்தும் மூட்டுகளை இறுகக் கட்டியும், வட அமெரிக்க நகரங்களில் நடமாடிய கதையை அப்போது சொன்னால் மாணவர்கள் நாற்காலி நுனிக்கு வந்துவிடுவார்கள். சாம் ஃபார்பரின் கதையும் பொருந்தும்: மனைவி பெட்ஸிக்கு மூட்டுவலி இருந்ததால் காய் தோல் சீவும் கருவியைப் பிடிக்க அவர் பட்ட சிரமத்தைப் பார்த்து, தடித்த, மென்மையான ரப்பர் கைப்பிடி கொண்ட கருவிகளை ஆக்ஸோ என்ற பெயரில் 1990இல் சந்தைக்குக் கொண்டுவந்தார். வலி உள்ள கைக்காகச் செய்த பிடி, வலி இல்லாத கைக்கும் வசதியாக இருந்தது.

ஆனால் இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. கண்ணைக் கட்டிக்கொண்டு பத்து நிமிடம் தடுமாறிய மாணவர், பார்வையற்றவரின் வாழ்க்கையைத் தெரிந்துகொண்டதாக நினைத்தால் அது தவறான பாடம். அந்தப் பத்து நிமிடம் தடுமாற்றத்தை மட்டுமே காட்டும். ஆண்டுக்கணக்கில் அவர் வளர்த்துக்கொண்ட திறமையைக் காட்டாது. முடிந்தபோதெல்லாம் உண்மையான பயனர் ஒருவரை வகுப்புக்கு அழைத்து, மாணவர்கள் செய்ததை அவர் கையில் கொடுத்துவிட வேண்டும். அவர் அலட்சியமாகக் கீழே வைத்துவிட்டு "எனக்கு இதில் சிரமமே இல்லையே" என்று சொல்வதற்கு இணையான பாடம் வேறில்லை.

இந்தச் சோதனைக்கும் ஓர் ஆட்ட விதி உண்டு: செய்தவர் வாய் திறக்கக்கூடாது. தம் முன்மாதிரியைச் சோதிப்பவர் முன்னால் வைத்துவிட்டுக் கைகட்டி நிற்க வேண்டும். பேசினால் ஒரு புள்ளி குறையும். "அங்கே இல்லை, இந்தப் பக்கம் இழுங்கள்" என்று சொல்லத் துடிப்பார்கள். சிலர் வாயைக் கையால் பொத்திக்கொள்வார்கள். சோதிப்பவர் இழுக்க வேண்டியதைத் தள்ளினால், தள்ளத் தூண்டியது எது என்று குறித்துக்கொள்ள வேண்டும். சோதித்தவருக்குப் புரியவில்லை என்று எழுதினால் நான் அந்த வரியை அடித்துவிடுவேன். கைப்பிடி தட்டையாக இருந்ததால் தள்ளத் தோன்றியது என்று எழுதினால் அது கண்டுபிடிப்பு. கடைக்குப் போகும் எந்தப் பொருளோடும் அதை வடிவமைத்தவர் கூடவே போய் விளக்கம் சொல்ல முடியாது என்பதை இந்த மௌனம் ஒரே வகுப்பில் புரியவைக்கிறது.

மதிப்பெண்ணுக்கு வருவோம், ஏனென்றால் எவ்வளவு விளையாடினாலும் காலாண்டின் முடிவில் அது வந்துதான் ஆகும். முடிந்த பொருளுக்கு மதிப்பெண் போட்டால், வீட்டில் யாருடைய கை நேர்த்தியானது என்பதற்குத்தான் போடுகிறோம். நான் இரண்டு முன்மாதிரிகளுக்கு இடையிலுள்ள தூரத்துக்குப் போடுகிறேன்: முதலாவதில் என்ன கண்டார்கள், அதனால் இரண்டாவதில் எதை மாற்றினார்கள், மாற்றியது பலித்ததா. ஜேம்ஸ் டைசன் தம் பையில்லாத தூசி உறிஞ்சிக்கு 5,127 முன்மாதிரிகள் செய்தார் என்பதை மாணவர்கள் எப்படியோ தெரிந்துவைத்திருக்கிறார்கள், அதை விடாமுயற்சியின் சாகசமாகவே சொல்வார்கள். எனக்கு அந்த எண்ணிக்கையைவிட, ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் மட்டுமே செய்து பார்த்தார் என்பதுதான் முக்கியம். ஒரேயடியாக நான்கைந்தை மாற்றினால் எது வேலை செய்தது என்று தெரியாமலே போகும். குறிப்பேட்டில் கறையும் கிறுக்கலும் இருக்கலாம். ஆனால் ஒவ்வொரு மாற்றத்துக்கும் காரணம் எழுதியிருக்க வேண்டும். பொருள் கடைசிவரை வேலை செய்யாமலே போனவர்களும் இந்த முறையில் உயர்ந்த மதிப்பெண் வாங்கியிருக்கிறார்கள். அதைப் பற்றிச் சில பெற்றோர் கேட்டதும் உண்டு. குறிப்பேட்டைத் திறந்து காட்டியவுடன் பெரும்பாலானோர் சமாதானமடைந்துவிடுகிறார்கள்.

குழுவின் அளவு பற்றி ஒரு வார்த்தை. இரண்டு பேர் போதும். நான்கு பேர் என்றால் ஒருவர் வெட்டுவார், ஒருவர் ஆணையிடுவார், மற்ற இருவர் வேடிக்கை பார்ப்பார்கள்.

ஆண்டின் கடைசிச் செயல்திட்டத்துக்கு நான் எதையும் கொடுப்பதில்லை. அடுத்த ஆண்டு வரப்போகும் வகுப்புக்கான பணிக்குறிப்பை மாணவர்களே எழுத வேண்டும். எழுதியதைப் பக்கத்து இணையர் செய்து பார்த்து, அது ஆடத் தகுந்த ஆட்டம்தானா என்று சொல்ல வேண்டும். முதல் வரைவில் "மிகவும் வேடிக்கையான விளக்கு ஒன்றைச் செய்யுங்கள்" என்பதுபோல எழுதுவார்கள். அதை வாங்கியவர்கள் என்ன செய்வதென்று தெரியாமல் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருப்பார்கள். அதன் பிறகு "வேடிக்கை", "புதுமை", "படைப்பாற்றல்" ஆகிய சொற்களுக்குத் தடை போட்டுவிடுகிறேன். திருத்திய வரைவுகளில் ஒன்று இப்படி இருந்தது: "ஒரே ஓர் அட்டைத் தாள், பசை கூடாது. இருட்டில் தடவிப் பார்த்து எரியவைக்கத் தெரிய வேண்டும். தூங்கும் இன்னொருவரை எழுப்பிவிடக்கூடாது." இதை வாங்கிய இணையர் உடனே அட்டையை எடுத்து, நெளிவு எந்தப் பக்கம் ஓடுகிறது என்று திருப்பிப் பார்த்தார்கள். அந்தக் குறிப்பை ஒரு சொல்லும் மாற்றாமல் அடுத்த வகுப்புக்கு எடுத்துக்கொண்டேன்.